ஊசியால் போட்டதை ஊசியால் எடுத்த கதை

போன மாதம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் சனிக்கிழமைக் காலைச் சண்டைகளையும் பற்றி எழுதியிருந்தேன். "எங்கட வீட்டில நடக்கிறதை அப்பிடியே எழுதியிருக்கிறீங்கள்" என்று சிலர் சொன்னீர்கள். இந்த மாதக் கதை அப்படியில்லை. இது உங்கள் வீட்டில் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். நடந்திருந்தாலும் வெளியில் சொல்லியிருக்க மாட்டீர்கள். நானும் நாலு வருடமாக அம்மாவுக்கே சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வாறன்.

கடந்த கார்த்திகையில் மகளின் நடன வகுப்பு நிகழ்ச்சி. காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் அவளுக்குக் கண் மை கீறி, பொட்டு வைத்து, லிப்ஸ்டிக் பூசிக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்னைப் போல மெல்லிய மேல் உதடு. அதை வெளியே தள்ளி, கண்ணாடியில் என்னையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நான் பெரிசானதும் என்ர லிப்ஸும் உங்கட மாதிரி வருமா?"

அவளுக்கு வயது 9. என் உதட்டில் இருந்தது ஒரு மில்லிலீற்றர் ஃபில்லர்.

"வரும்" என்றால் பொய். "வராது" என்றால் அவளுடைய உதட்டில் ஏதோ குறை இருக்கிறது என்று ஆகிவிடும். "நேரம் போகுது, சப்பாத்தைப் போடு" என்று சொல்லித் தப்பிவிட்டேன். ஆனால் நிகழ்ச்சி முழுக்க மேடையில் ஆடிய பிள்ளையைப் பார்க்காமல் அந்தக் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எப்படிப் போட்டேன்

2020இல் மகன் பிறந்தான். 2021இல் வேலைக்குத் திரும்பியபோது எல்லாம் வீட்டிலிருந்துதான். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு வீடியோ மீற்றிங். மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, நான் மூலையில் இருந்த என் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணுக்குக் கீழே இரண்டு கருங்குழி. நித்திரை இல்லாததால் வந்ததென்று நினைத்தேன். ஆனால் அது அப்பாவிடமிருந்து வந்த குழி. எங்கள் குடும்பத்தில் பாதிப்பேருக்கு உண்டு.

கல்யாண வீட்டுக்கு மேக்கப் போடும் ஒருவர் தன் சலூனின் பின்னறையில் ஃபில்லரும் போடுவார் என்று மச்சாள் சொன்னாள். அரை மணித்தியால வேலை, 350 பவுண். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. பெட்டியைக் காட்டச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு சின்ன லைப்ரரியைச் சேர்க்கிறதென்றாலே யார் எழுதினது, எந்த வேர்ஷன், என்ன லைசென்ஸ் என்று பத்துக் கேள்வி கேட்பேன். என் கண்ணுக்குக் கீழே என்ன போகிறது என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

முதல் வருடம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. படங்களில் களைப்புத் தெரியவில்லை. 2022இல் கண்ணுக்கு மேலதிகமாகக் கொஞ்சமும், உதட்டுக்கு ஒரு மில்லிலீற்றரும் போட்டேன். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லப் பிழைக்கத் தொடங்கியது. காலையில் எழும்பினால் கண்ணுக்குக் கீழே பை. உப்புக் கூடின சாப்பாடு சாப்பிட்டால் இன்னும் பெரிய பை. வெளிச்சத்தில் நின்றால் அந்த இடம் லேசான நீலச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. உதட்டில் போட்டது கரையைத் தாண்டி மேலே ஏறி, மீசை வளரும் இடத்தில் ஒரு தடிப்பாக நின்றது.

அம்மா எங்களோடுதான் இருக்கிறா. "என்ன பிள்ளை, கண் வீங்கிக் கிடக்கு? கிட்னி செக் பண்ணினியா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டா. மூன்றாம் தடவை ஜீபியிடம் இரத்தப் பரிசோதனைக்கே போய்வந்தேன். என் பொய்க்கு என்எச்எஸ் செலவழித்தது என்று நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

எடுக்க வேண்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் வாசிக்கத் தொடங்கினேன். போடுவதற்கு முன்னம் வாசித்திருக்க வேண்டியது.

இன்று போடப்படும் ஃபில்லர்களில் பெரும்பாலானவை ஹயலுரோனிக் அமிலத்தால் ஆன ஜெல். இது எங்கள் உடம்பிலேயே, தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இருக்கிற பொருள்தான். 1934இல் கார்ல் மேயர் என்ற விஞ்ஞானி மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கிற கண்ணாடி போன்ற ஜெல்லிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பெயரிலுள்ள 'ஹயலோ' என்பதற்குக் கிரேக்கத்தில் கண்ணாடி என்று பொருள். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். அதில் மூன்றிலொரு பங்கை உடம்பு ஒவ்வொரு நாளும் உடைத்துப் புதிதாகச் செய்கிறது.

அப்படி ஒரே நாளில் உடைந்துபோனால் ஃபில்லர் எப்படி நிற்கும்? அதற்காகத்தான் கொம்பனிகள் இந்த மூலக்கூற்றுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. பிணைத்தால் உடம்பு உடைக்க நாளெடுக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றுதான் என்னிடமும் சொன்னார்கள். ஆனால் கண்ணுக்குக் கீழே போன்ற அதிகம் அசையாத இடங்களில் பல வருடம் கழித்தும் அது கிடப்பதை எம்ஆர்ஐ படங்களில் பார்த்திருக்கிறார்கள். அதோடு இந்த அமிலம் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும். என்னுடைய காலைப் பைகளுக்கும் உப்புக் கணக்குக்கும் விளக்கம் அங்கே கிடைத்தது. நீல நிறமும் அப்படித்தான்: மெல்லிய தோலுக்குக் கீழே ஜெல் மேலோட்டமாக இருந்தால் வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரியும்.

இதைக் கரைக்க ஒரு நொதியம் இருக்கிறது. பெயர் ஹயலுரோனிடேஸ். ஃபில்லரின் சங்கிலிகளை வெட்டிவிடும், வெட்டுப்பட்டதை உடம்பு தானே அகற்றிவிடும். சத்திரசிகிச்சை தேவையில்லை. இதற்கும் ஊசிதான்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த நொதியம் ஹயலுரோனிக் அமில ஃபில்லரை மட்டும்தான் கரைக்கும். கல்சியம் ஹைட்ரொக்ஸி அபடைட், பொலிலக்ரிக் அமிலம் போன்றவற்றால் செய்த வேறு ஃபில்லர்களும் உண்டு. அவற்றில் இது வேலை செய்யாது. ஆகவே உள்ளே இருப்பது எதுவென்று தெரியாமல் எடுக்கப் போக முடியாது.

ஆயத்தம்

அந்தச் சலூனுக்குச் செய்தி அனுப்பினேன். "பிரீமியம் பில்லர்தான் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்று பதில் வந்தது. பிராண்டும் இல்லை, பட்ச் நம்பரும் இல்லை. ஒழுங்கான இடங்களில் ஊசியோடு வரும் ஸ்டிக்கரை உங்கள் பதிவில் ஒட்டி, உங்களுக்கும் ஒரு பிரதி தருவார்கள். உங்களில் யாராவது இதற்கு முன் போட்டிருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்கி வையுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் என்னைப் போல 'பிரீமியம்' என்ற பதில்தான் கிடைக்கலாம்.

அடுத்தது ஆளைத் தேடுவது. பிரிட்டனில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபில்லரை வாங்க மருந்துச் சீட்டு தேவையில்லை. நான் போட்ட காலத்தில் ஊசி பிடிப்பவருக்கு மருத்துவப் படிப்பும் கட்டாயமில்லை. ஆனால் அதைக் கரைக்கிற ஹயலுரோனிடேஸ் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்து. அதாவது போடுவதற்கு யாரும் போதும், எடுப்பதற்கு மருந்து எழுதும் தகுதியுள்ள ஒருவர் வேண்டும். இதில் சும்மா விளையாடக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவர் என்றால் ஜிஎம்சி, தாதி என்றால் என்எம்சி, பல் மருத்துவர் என்றால் ஜிடிசி பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. தோற்றத்துக்காக மட்டும் எடுப்பதை என்எச்எஸ் பொதுவாகச் செய்யாது. ஆகவே செலவு எங்கள் கையில்தான்.

நான் போனது ஒரு பெண் டொக்டரிடம். முதல் நாள் ஊசி இல்லை, கதை மட்டும்தான். அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, ஜெல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று காட்டினா. மகன் வயிற்றில் இருந்தபோது பார்த்த அதே மெஷின். இந்தத் தடவை திரையில் தெரிந்தது கறுப்புக் குளங்கள். பார்த்தால் ஹயலுரோனிக் அமிலம் போலத்தான் இருக்கிறது, ஆனால் நூறு வீதம் சொல்ல முடியாது என்றும் சொன்னா.

பிறகு வரிசையாகக் கேள்விகள். தேனீ அல்லது குளவி குத்தி ஒவ்வாமை வந்ததா? ஏனென்றால் அவற்றின் விஷத்திலும் இதே வகை நொதியம் இருக்கிறது. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா? அந்த இடத்தில் பருவோ கிருமித் தொற்றோ இருக்கிறதா? என்னென்ன மருந்து, என்னென்ன சப்ளிமென்ற்? அஸ்பிரினும் மீனெண்ணெயும் கண்டலைக் கூட்டலாம். அஸ்பிரின், அலர்ஜிக் குளிசை, ஸ்ரீரொயிட் போன்றவை கூடிய அளவில் உடம்பில் இருந்தால் இந்த நொதியத்தின் வேகம் குறையலாம். அதற்காக டொக்டர் எழுதித் தந்த இரத்தம் மெலிதாக்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்தவரிடம் கேளுங்கள்.

என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. இந்த மருந்து எதிலிருந்து வருகிறது? இங்கே பாவிப்பது செம்மறி ஆட்டிலிருந்து எடுப்பதாம். வேறு நாடுகளில் மாட்டிலிருந்து எடுப்பதும், மனித நொதியத்தின் நகலாக ஆய்வுகூடத்தில் செய்வதும் உண்டு. சைவக்காரரும், மாட்டைத் தொடாதவர்களும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நான் திகதியைப் புதன்கிழமைக்குப் போட்டுக்கொண்டேன். சாமிக்கு இந்தக் கணக்கு விளங்குமோ தெரியாது.

திகதி என்றதும் இன்னொன்று. கல்யாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம் எதற்கும் குறைந்தது ஒரு மாதம் முன்னால் செய்யுங்கள். இரண்டாம் தடவை தேவைப்பட்டால் இரண்டு கிழமை இடைவெளி வேண்டும். கண்டல் மாறவும் நாளெடுக்கும்.

மகளுக்குச் சொன்னது

உண்மையைச் சொன்னால் இந்த ஆயத்தம் எல்லாம் சுலபம். கஷ்டமானது வீட்டில் சொல்வது. இவருக்கு முதலே தெரியும். "நீர் முதல்லயும் வடிவாத்தான் இருந்தனீர், போடேக்கயும் சொன்னனான்" என்றதோடு அவர் கதை முடிந்தது. அம்மாவுக்குச் சொன்னபோது நான் ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப கிட்னி நல்லாத்தானே இருக்கு?" என்று மட்டும் கேட்டா. நான் அழுதுவிட்டேன்.

மகளுக்கு முதல்நாள் இரவு, நித்திரைக்குப் போகும் முன் சொன்னேன். "அண்டைக்கு நீ லிப்ஸ் பற்றிக் கேட்டியே. இது என்ர சொந்த லிப்ஸ் இல்லை. ஊசியால ஜெல் போட்டது. நாளைக்கு எடுக்கப் போறன்."

"நோகுமா?"

"கொஞ்சம்."

"ஏன் போட்டனீங்கள்?"

இதற்கு நல்ல பதிலாக ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. "மீற்றிங்கில என்ர முகத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தன். பார்க்கப் பார்க்க எனக்கு அது பிடிக்காமப் போட்டுது" என்றேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப கமெராவை ஓஃப் பண்ணியிருக்கலாமே."

பதினைந்து வருடம் சொஃப்ட்வெயார் செய்கிற எனக்கு அந்த வழி தோன்றவில்லை.

அன்றைய நாள்

முதலில் முன்னங்கையில் ஒரு துளி மருந்தைத் தோலுக்குக் கீழே போட்டு அரை மணித்தியாலம் காத்திருந்தோம். சிவந்து தடித்தால் ஒவ்வாமை. எனக்கு ஒன்றும் வரவில்லை. இந்தச் சோதனை வேண்டாம், நேரம் போகும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். ஒரேயொரு விதிவிலக்கு அவசர நிலைமை. ஃபில்லர் போட்டபோது இரத்தக் குழாய் அடைபட்டுவிட்டால் காத்திருக்க நேரமில்லை, உடனே கரைக்க வேண்டும்.

பிறகு விறைப்புக் கிறீம். தூளாக இருக்கிற மருந்தைச் சேலைனில் கரைத்து, மெல்லிய ஊசியால் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும், உதட்டில் ஐந்தாறு இடத்திலும் போட்டா. ஊசியை விட மருந்து உள்ளே போகும் எரிவுதான் கூட. கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிறகு விரலால் அழுத்தி மசாஜ். எல்லாம் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது. உதட்டில் இருந்த கட்டி விரலுக்குக் கீழே மெழுகு உருகுவது போல் இளகியதை நானே உணர்ந்தேன்.

அதன் பிறகு அரை மணித்தியாலம் அங்கேயே இருத்தி வைத்தா. தீவிர ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சீக்கிரமே வரும். அதற்கான அட்ரினலின் ஊசி மேசையிலேயே இருந்தது. அது இல்லாத இடத்தில் இந்த வேலை செய்யவே கூடாது. மொத்தச் செலவு 280 பவுண். போட்டதற்கும் எடுத்ததற்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஊருக்கு ஒரு ரிக்கெற் எடுத்திருக்கலாம்.

தேறிவந்த நாட்கள்

முதல் நாள் இரவு முகம் ஊதிப்போனது. இது கரையவில்லை என்பதன் அடையாளம் அல்ல, ஊசியின் வீக்கம். தலையணை இரண்டு வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தேன். துணியில் சுற்றிய ஐஸை இடைக்கிடை வைத்தேன். ஐஸை நேரே தோலில் வைக்கக் கூடாது. நோவுக்குப் பரசெற்றமோல் போதும். ஒரு நாளைக்கு மேக்கப் இல்லை. இரண்டு நாளைக்கு ஜிம், சோனா, வைன் எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் இடது கண்ணுக்குக் கீழே கண்டல். வீட்டிலிருந்துதான் வேலை செய்தேன். மகள் சொன்னபடி கமெராவை ஓஃப் பண்ணினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலு வருடத்துக்கு முன்னமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள்தான் மிக மோசம். வீக்கம் வடிந்து, கண்ணாடியில் முகம் குழி விழுந்து தெரிந்தது. இணையத்தில் சிலர் "என் முகமே உடைந்துபோச்சு" என்று எழுதுவதை வாசித்திருந்தேன். அது எனக்கும் நடந்துவிட்டது என்று குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு இருந்தேன். இந்த நொதியம் சொந்த அமிலம் எது, போட்டது எது என்று பார்த்து வெட்டாது. பக்கத்தில் இருக்கிற சொந்தமானதிலும் கொஞ்சம் போகும். ஆனால் நொதியம் அங்கே நெடுநாள் தங்காது. உடம்பு தன்னுடையதைத் தினமும் செய்துகொண்டே இருக்கிறது. இதையெல்லாம் டொக்டர் முன்னமே சொல்லித்தான் விட்டா. தெரிந்திருந்தும் பயம் பயம்தான். ஆகவே இரண்டு கிழமை முடியும் வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள், திருப்பிப் போடவும் ஓடாதீர்கள்.

பத்தாம் நாளளவில் கண்டல் மஞ்சளாகி மறைந்தது. எங்கள் மாநிறத் தோலில் கண்டல் போன இடம் கொஞ்ச நாள் கறுத்து நிற்கக்கூடும். சன்ஸ்கிறீன் பூசினால் அது கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். தோல் நிறம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது போடுகிறவர்களுக்குத்தான் முக்கியம். இரத்தக் குழாய் அடைபட்டால் தோல் வெளுக்கும் அல்லது திட்டுத்திட்டாக நிறம் மாறும் என்று எழுதியிருப்பார்கள். கறுத்த தோலில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. நிறத்தை மட்டும் நம்பியிருக்காமல், கூடிக்கொண்டே போகும் நோவையும் கவனியுங்கள். கண் பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். எடுத்த பிறகு மூச்சு முட்டினாலோ, நாக்கு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ 999. சில நாள் கழித்துச் சிவப்பும் சூடும் கூடிக் காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், செய்தவரிடம் உடனே காட்டுங்கள்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனேன். கண்ணில் எல்லாம் போய்விட்டது. உதட்டில் ஒரு சின்னக் கட்டி மட்டும் இருந்தது. அதற்கு இன்னொரு ஊசி. அத்தோடு முடிந்தது.

பழைய முகம் வந்ததா?

வரவில்லை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு மாற்றத்தை 'ரிவேர்ட்' பண்ணினால் அது நடக்காதது போல் ஆகாது. பழையதைத் திருப்பிக் கொண்டுவருகிற இன்னொரு புது மாற்றமாகப் பதிவில் சேரும். நடந்தது வரலாற்றில் அப்படியே கிடக்கும். இதுவும் அப்படித்தான். 2021இன் முகம் கிடைக்கும் என்று ஏதோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன். கிடைத்தது 37 வயது முகம். குழி அப்போதிருந்ததை விடக் கொஞ்சம் ஆழம். கருவளையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏனென்றால் அதில் பாதி குழி, பாதி தோலின் நிறம். நிறத்தை எந்த ஃபில்லரும் மாற்றாது. இதை யாராவது 2021இல் சொல்லியிருந்தால் நான் போட்டே இருக்க மாட்டேனோ என்னவோ.

அம்மா பார்த்துவிட்டு, "இப்ப கொஞ்சம் களைச்சுப்போன மாதிரி இருக்கு பிள்ளை. சாப்பிட்டியா?" என்றா. களைத்துத்தான் இருக்கிறேன், அம்மா. இரண்டு பிள்ளை, முழுநேர வேலை. சில நாள் படத்தைப் பார்த்தால் திரும்பவும் கொஞ்சம் போட்டால் என்ன என்று இன்னும் தோன்றும். போட்டவர்களைப் பிழை சொல்ல நான் வரவில்லை. ஒழுங்கான ஆளிடம், கேள்வி கேட்டு, அளவோடு போட்டுச் சந்தோஷமாக இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பெற்றோராக ஒன்று சொல்வேன். இங்கிலாந்தில் 2021 ஒக்டோபர் 1 முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக ஃபில்லரோ போடொக்ஸ் வகை ஊசியோ போடுவது குற்றம். போடுகிறவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் 2022இல் வந்தது. நல்லதுதான். ஆனால் 18 வரைக்கும் எங்கள் பிள்ளைகள் பார்ப்பது சட்டத்தை அல்ல, வீட்டுக் கண்ணாடியில் பக்கத்தில் நிற்கிற எங்கள் முகத்தை. "கறுத்துப் போனாய்", "மூக்குச் சப்பை" என்று சொந்தக்காரர் சொல்லும்போது தடுக்கிற நாங்களே, எங்கள் முகத்தைப் பற்றிச் சத்தமில்லாமல் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போட்டால் போட்டது என்று பிள்ளையிடம் வயதுக்கேற்றபடி சொல்லுங்கள். சொல்லாவிட்டால், ஊசியால் வந்ததைப் பிறப்பால் வந்தது என்று நினைத்துத் தன்னை அளந்து பார்ப்பாள். என் மகள் அளந்து பார்த்தாள்.

பங்குனியில் ஒரு நாள் காலை, திரும்பவும் அதே குளியலறை. நாங்கள் இருவரும் பல் விளக்கிக்கொண்டிருந்தோம். வாய் நிறையப் பேஸ்ற் நுரையோடு என் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, உங்கட மேல் உதடு என்ர மாதிரி."

"ஓம். உன்ர என்ர மாதிரி."

"மெல்லிசு" என்றாள். அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. பிறகு நுரையைத் துப்பிவிட்டு, சப்பாத்தைத் தேடிப் போனாள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.